நியூ ஜெர்சிப் பையனுக்கு வெளிமாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் மெரிட் ஸ்காலர்ஷிப் கிடைக்குமா? எங்கே தேடுவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: மகன் நியூ ஜெர்சியில் பதினொன்றாம் வகுப்பு. வெயிட் சேர்க்காத ஜிபிஏ (கடினப் பாடங்களுக்குக் கூடுதல் புள்ளி தராத பள்ளி மதிப்பெண் சராசரி) 3.9, எஸ்ஏடி (கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு) 1480, கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆசை. வருமானம் நடுத்தரத்துக்கு மேல் என்பதால் தேவை அடிப்படையிலான உதவிக்கு வழியில்லை. பையன் எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தினருக்கானது), கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறான். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மகளும் உண்டு. நியூ ஜெர்சியின் அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸ் தவிர வேறு எந்த மாநில அரசுப் பல்கலைக்கழகம் பணம் தரும் என்று பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, வெளிமாநிலக் கட்டணத்தை ரட்கர்ஸ் செலவுக்குச் சமமாகவோ அதற்குக் கீழாகவோ இறக்க முடியுமா என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். முடியும். ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கக்கூடிய பெயர்களில் அல்ல.

ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாநிலத்துக்கு வரி கட்டாத வீட்டுப் பிள்ளைக்கு ஏன் பணம் தர வேண்டும்? தேடலை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால் பாதி வேலை முடிந்துவிடும். பெர்க்லி, யுசிஎல்ஏ, மிஷிகன் போன்ற இடங்களுக்கு முழுக் கட்டணம் கட்டத் தயாராக ஆயிரக்கணக்கானோர் வாசலில் நிற்கிறார்கள். அங்கே வெளிமாநில மாணவர்தான் வருமானம். பெர்க்லியில் வெளிமாநிலத்தவருக்குத் தங்குவது, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டுகிறது. அங்குள்ள ரீஜென்ட்ஸ் ஸ்காலர்ஷிப் பெரிய கௌரவம்தான். ஆனால் தேவை காட்டாத மாணவருக்கு வரும் தொகை அந்தக் கட்டணத்தின் முன்னால் தூசு. மறுபக்கம் அலபாமா போன்ற மாநிலங்களைப் பாருங்கள். உள்ளூரில் போதுமான மாணவர்கள் இல்லை, மாநில அரசின் மானியமும் போதவில்லை. தரமான பிள்ளைகளை வெளியிலிருந்து இழுத்தால் வகுப்பும் நிறையும், சராசரி மதிப்பெண்ணும் ஏறும். டஸ்கலூசாவில் உள்ள அலபாமா பல்கலைக்கழகத்தில் இன்று பாதிக்கும் மேற்பட்ட இளங்கலை மாணவர்கள் வெளிமாநிலத்தவர்கள். அங்கே ஸ்காலர்ஷிப் என்பது தர்மமல்ல, விலைத் தள்ளுபடி. இதைப் புரிந்துகொண்டால் 'எது சிறந்த கல்லூரி' என்ற பட்டியலுக்கும் 'யாருக்கு உங்கள் மகன் தேவை' என்ற பட்டியலுக்கும் உள்ள தூரம் தெரியும்.

இந்தப் பணம் மூன்று வகையாக வருகிறது. மூன்றையும் ஒரே கூடையில் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். முதல் வகை, அட்டவணை ஸ்காலர்ஷிப். ஜிபிஏ இவ்வளவு, எஸ்ஏடி அல்லது ஏசிடி இவ்வளவு என்றால் தொகை இவ்வளவு என்று இணையதளத்திலேயே போட்டிருப்பார்கள். கட்டுரை, நேர்முகம், சிபாரிசு எதுவும் கிடையாது. தகுதி இருந்தால் தானாக வரும். அலபாமாவின் சமீப ஆண்டு அட்டவணைகளில் எஸ்ஏடி 1420-க்கு மேலும் ஜிபிஏ 3.5-க்கு மேலும் இருக்கும் வெளிமாநில மாணவருக்கு ஆண்டுக்கு 28,000 டாலர் என்று இருந்தது. அங்கே வெளிமாநில டியூஷன் (படிப்புக் கட்டணம்) 33,000 டாலரை ஒட்டி வருகிறது. அப்படியானால் டியூஷனில் மிஞ்சுவது ஏறக்குறைய 5,000, 6,000 டாலர்தான். அதோடு தங்கும் இடமும் உணவும் சேர்த்தால் 22,000 டாலர் அளவில் நிற்கும். ரட்கர்ஸில் உள்மாநிலக் கட்டணத்தோடு விடுதியில் தங்கிப் படித்தால் மொத்தம் 35,000 டாலரைச் சுற்றி வருகிறது. விமான டிக்கெட், எஞ்சினியரிங் பாடங்களுக்குத் தனியாக வாங்கும் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டினாலும் அலபாமா மலிவு. மிசிசிப்பி, மிசிசிப்பி ஸ்டேட், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், கான்சாஸ், ஹண்ட்ஸ்வில்லில் உள்ள அலபாமா கிளை ஆகியவையும் மதிப்பெண்ணையோ ஜிபிஏயையோ வைத்து முன்கூட்டியே தொகையைக் கணிக்க விடும் இடங்கள். ஓஹையோவில் உள்ள மயாமி பல்கலைக்கழகமும் அரசுப் பல்கலைக்கழகம்தான், ஜிபிஏ அடிப்படையில் நல்ல தொகை தருகிறது. ஃப்ளோரிடாவில் இருக்கும் 'யூனிவர்சிட்டி ஆஃப் மயாமி' தனியார். இரண்டையும் குழப்பி விண்ணப்பிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இரண்டாவது வகை, போட்டி ஸ்காலர்ஷிப். இங்கே மதிப்பெண் நுழைவுச் சீட்டு மட்டுமே. சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தின் மோர்ஹெட்-கெய்ன், வர்ஜீனியாவின் ஜெஃபர்சன் ஸ்காலர்ஸ், வட கரோலினா ஸ்டேட்டின் பார்க், ஜார்ஜியா டெக்கின் ஸ்டாம்ப்ஸ், ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஃபவுண்டேஷன் ஃபெலோஷிப், தென் கரோலினாவின் மக்நேர் ஆகியவை இந்த வரிசை. மக்நேர் வெளிமாநில மாணவர்களுக்கென்றே வைத்தது. பெரும்பாலானவை கிட்டத்தட்ட முழுச் செலவையும் ஏற்கும். ஜெஃபர்சனுக்குப் பள்ளி பரிந்துரைக்க வேண்டும், மாணவர் தானாகப் போக முடியாது. கவுன்சிலரிடம் இந்தக் கோடை விடுமுறைக்கு முன்பே பேசிவிட வேண்டும். 3.9, 1480 இருக்கும் பிள்ளைக்கு இவை கிடைக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறவர் ஏதோ விற்க வந்தவர். விண்ணப்பியுங்கள், ஆனால் வீட்டு பட்ஜெட்டில் இதை வைக்காதீர்கள். இதே வகையில் நடுத்தரத் தொகைகளும் உண்டு. பர்டூவின் பிரசிடென்ஷியல், ட்ரஸ்டீஸ், ஓஹையோ ஸ்டேட்டின் நேஷனல் பக்கை, மேரிலாந்தின் பானக்கர்-கீ, பிட்ஸ்பர்க் தரும் தொகைகள் எல்லாம் கமிட்டி பார்த்துத் தருபவை. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று எழுதியவுடன் இவற்றில் போட்டி இன்னும் இறுகும்.

மூன்றாவது வகையை நம்மவர்கள் பலர் கவனிப்பதே இல்லை. பணமாக வராமல் கட்டண விகிதத்தையே மாற்றிவிடும் சலுகை இது. டெக்சாஸ் நல்ல உதாரணம். அந்த மாநிலச் சட்டப்படி ஓர் அரசுப் பல்கலைக்கழகம், டெக்சாஸ் மாணவர்களும் போட்டியிட்ட ஒரு ஸ்காலர்ஷிப்பை ஆண்டுக்குக் குறைந்தது 1,000 டாலர் அளவில் வெளிமாநில மாணவருக்குத் தந்தால், அவரிடம் உள்மாநிலக் கட்டணமே வாங்கலாம். 1,000 டாலர் என்று கடிதத்தில் பார்த்துவிட்டு 'இவ்வளவுதானா' என்று மடித்து வைத்துவிடாதீர்கள். அதற்குப் பின்னால் ஆண்டுக்கு 20,000 டாலருக்கு மேல் தள்ளுபடி ஒளிந்திருக்கலாம். இந்த விலக்கைப் பெறுவோரின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. எல்லாக் கிளைகளும் ஒரே தாராளத்தோடு தருவதில்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் கிளையில் இதை எதிர்பார்க்க வேண்டாம். டல்லாஸ் கிளை கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் நல்ல பெயர் எடுத்தது, தன் அகாடமிக் எக்சலன்ஸ் ஸ்காலர்ஷிப் மூலம் இப்படி ஆள் சேர்ப்பதிலும் முனைப்பானது. உங்கள் மகனுக்கு நான் முதலில் சொல்லும் பெயர்களில் அது ஒன்று. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் அமிகோ ஸ்காலர்ஷிப்பும் வெளிமாநிலக் கூடுதல் கட்டணத்தை நீக்கிவிடுவதுதான்.

மாநிலங்களுக்கிடையிலான ஒப்பந்தங்களும் இந்த மூன்றாம் வகையில் சேரும். மேற்கு மாநிலங்களின் 'டபிள்யூயுஇ' ஒப்பந்தத்தில் கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், அரிசோனா, கொலராடோ முதலியவை இருக்கின்றன. அந்த மாநிலப் பிள்ளைகள் பங்கேற்கும் கல்லூரிகளில் உள்மாநிலக் கட்டணத்தின் ஒன்றரை மடங்குக்கு மேல் கட்ட வேண்டியதில்லை. தென் மாநிலங்களின் 'அகாடமிக் காமன் மார்க்கெட்' வேறு மாதிரி. சொந்த மாநிலத்தில் இல்லாத ஒரு படிப்பை வேறு மாநிலத்தில் படித்தால் உள்மாநிலக் கட்டணம். நியூ ஜெர்சி இந்த வட்டார ஒப்பந்தங்கள் எதிலும் இல்லை. உங்களுக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. சான் ஹோசேயிலோ பால்ட்டிமோரிலோ இருந்து இதைப் படிப்பவர்கள் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒப்பந்தத்தில் உள்ள கல்லூரிகளிலும் நர்சிங், கம்ப்யூட்டர் சயின்ஸ் போன்ற கூட்டம் மிகுந்த படிப்புகளை விலக்கி வைக்கும் இடங்கள் உண்டு. கல்லூரியின் பெயர் பட்டியலில் இருப்பது போதாது, படிப்பின் பெயரும் இருக்க வேண்டும். உங்களுக்குத் திறந்திருக்கும் வேறொரு கதவு மெய்ன் பல்கலைக்கழகம். நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களின் தகுதியுள்ள மாணவர் தன் சொந்த மாநிலத்தின் முதன்மைப் பல்கலைக்கழகக் கட்டண அளவுக்குக் கட்டினால் போதும் என்று 2016-ல் 'ஃப்ளாக்‌ஷிப் மேட்ச்' தொடங்கியது. ஆனால் அது ரட்கர்ஸுக்குச் சமமாகத்தான் நிற்கும், கீழே போகாது. ரட்கர்ஸ் கம்ப்யூட்டர் சயின்ஸை விட்டுவிட்டு மெய்ன் பல்கலைக்கழகம் இருக்கும் ஓரோனோவின் குளிருக்குப் போக வேறு காரணம் வேண்டும்.

தேடும் முறைக்கு வருகிறேன். ஸ்காலர்ஷிப் தேடல் தளங்களை மூடி வையுங்கள். அவற்றில் பெரும்பாலும் 500 டாலர், 1,000 டாலர் கட்டுரைப் போட்டிகள்தான், அதுவும் ஓராண்டுக்கு. நான்காண்டுப் பெரும்பணம் பல்கலைக்கழகத்திடமிருந்தே வருகிறது. கூகுளில் பல்கலைக்கழகப் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று தேடினால் ஒரு நீண்ட ஆவணம் கிடைக்கும். அதில் எச் பிரிவுக்குப் போங்கள். எச்2 பகுதியின் முதல் வரி, முழுநேர முதலாண்டு மாணவர் எண்ணிக்கை. எச்2ஏ பகுதி, தேவையே இல்லாதிருந்தும் கல்லூரிப் பணம் பெற்ற மாணவர் எத்தனை பேர், சராசரித் தொகை எவ்வளவு என்று சொல்லும். எடுத்துக்காட்டாக முதலாண்டில் 5,000 பேர், தேவையில்லாமல் பெற்றவர் 1,500, சராசரி 12,000 டாலர் என்று இருந்தால் அது மெரிட் தரும் இடம். 8,000 பேரில் 200 பேர், சராசரி 4,000 என்றால் அந்தப் பக்கம் நேரம் செலவழிக்க வேண்டாம். ஒரு குறை உண்டு. இந்த எண்கள் உள்மாநிலம், வெளிமாநிலம் என்று பிரிப்பதில்லை. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு 2,000 டாலரும் வெளியாட்களுக்கு 15,000 டாலரும் தரும் கல்லூரியின் சராசரி உங்களைத் தவறாக வழிநடத்தும். ஆகவே இதைச் சல்லடையாக மட்டும் வையுங்கள். சலித்து நிற்கும் பெயர்களுக்குக் கல்லூரியின் சொந்தப் பக்கத்தில் 'வெளிமாநில முதலாண்டு மாணவர்' ஸ்காலர்ஷிப் பக்கத்தைத் திறந்து, அது எந்த ஆண்டு சேர்வோருக்கானது என்று மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள். அட்டவணைகள் ஆண்டுதோறும் மாறுகின்றன. மேலே நான் சொன்ன தொகைகளும் அப்படித்தான். பழைய பக்கம் கூகுளில் முதலில் வந்து நிற்பது சகஜம்.

கல்லூரி ஒவ்வொன்றும் தன் தளத்தில் நெட் பிரைஸ் கால்குலேட்டர் (உதவித்தொகை போக நீங்கள் கட்ட வேண்டியதைக் கணிக்கும் கருவி) வைக்க வேண்டும் என்பது 2011 முதல் சட்டம். அதில் ஜிபிஏயும் எஸ்ஏடியும் கேட்டால் மெரிட்டையும் கணக்கில் சேர்க்கிறது என்று பொருள். வருமானம் மட்டும் கேட்டால் உங்களுக்கு அது உதவாது.

காலக்கெடுவில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். சேர்க்கைக்கான கடைசித் தேதி ஜனவரியில் இருக்கும். ஸ்காலர்ஷிப்புக்கான தேதி அக்டோபர் நடுவிலோ நவம்பர் 1-லோ முடிந்திருக்கும். பர்டூவும் மேரிலாந்தும் நவம்பர் 1-ஐத்தான் மெரிட்டுக்கு வைக்கின்றன. பிட்ஸ்பர்க் ரோலிங் முறை (விண்ணப்பம் வர வர முடிவு சொல்வது), செப்டம்பரிலேயே அனுப்புவது நல்லது. ஆகஸ்ட் 1-ல் காமன் ஆப் (பல கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத் தளம்) திறந்ததும் கட்டுரை தயாராக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் சேர்க்கை விண்ணப்பமே ஸ்காலர்ஷிப் விண்ணப்பம். சில இடங்களில் அனுமதி கிடைத்தபின் மாணவர் போர்ட்டலுக்குள் போய் இன்னொரு படிவம் நிரப்ப வேண்டும். அதை யாரும் தபாலில் நினைவூட்ட மாட்டார்கள். ஆனர்ஸ் காலேஜுக்கு (பல்கலைக்கழகத்துக்குள் சிறந்த மாணவர்களுக்கான பிரிவு) தனி விண்ணப்பம், தனித் தேதி.

'டெஸ்ட் ஆப்ஷனல்' என்ற சொல்லை நம்பி எஸ்ஏடியை விட்டுவிடாதீர்கள். சேர்க்கைக்கு மதிப்பெண் வேண்டாம் என்பார்கள், ஆனால் அதே கல்லூரியின் அட்டவணையில் மேல் படிக்குப் போக மதிப்பெண் இல்லாமல் வழியிருக்காது. உங்கள் மகன் 1480-ல் இருக்கிறான். பட்டியலில் உள்ள கல்லூரிகளின் படிகளை எழுதி வையுங்கள். அடுத்த படி 1490-லோ 1500-லோ தொடங்கினால் ஆகஸ்டில் இன்னொரு முறை எழுதுவது லாபம், 1600-ல்தான் என்றால் விட்டுவிடலாம். 20 மதிப்பெண் நான்காண்டில் 16,000 டாலர் வித்தியாசம் தரும் அட்டவணைகள் உண்டு. எந்தத் தேதித் தேர்வு வரை ஏற்பார்கள், வெவ்வேறு நாள் மதிப்பெண்களில் சிறந்ததைக் கூட்டுவார்களா, ஜிபிஏயை வெயிட் சேர்த்து எடுப்பார்களா, அவர்களே திரும்பக் கணக்கிடுவார்களா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அட்மிஷன் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். எழுத்தில் வரும் பதில் பின்னால் உதவும்.

கடிதம் வந்தபின் பார்க்க வேண்டியது தொகையை மட்டுமல்ல. நான்காண்டுக்கும் உண்டா, அதாவது எட்டு செமஸ்டருக்கா? தக்கவைக்க எவ்வளவு ஜிபிஏ? பெரும்பாலும் 3.0 கேட்பார்கள். முதல் செமஸ்டரில் கால்குலஸும் புரோகிராமிங்கும் சேர்ந்து வரும்போது நல்ல பிள்ளைகளும் 2.8-க்கு இறங்குவது புதிதல்ல. இறங்கினால் உடனே பறிப்பார்களா, ஒரு செமஸ்டர் அவகாசம் தருவார்களா என்று கேளுங்கள். 28,000 டாலர் என்பது நிலையான தொகையா, டியூஷனில் சதவீதமா என்பதும் முக்கியம். தொகை நிலையாக நிற்க, டியூஷன் ஆண்டுக்கு ஆண்டு ஏறினால் நான்காம் ஆண்டில் உங்கள் பங்கு ஏறியிருக்கும். கோ-ஆப் வேலைக்கு (படிப்பின் நடுவே நிறுவனத்தில் பெறும் பணி அனுபவம்) போகும் செமஸ்டரில் ஸ்காலர்ஷிப் நிறுத்தி வைக்கப்படுமா, காலாவதியாகுமா? கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இன்னொரு கேள்வி: அனுமதி பல்கலைக்கழகத்துக்கா, அந்தத் துறைக்கா? ஸ்காலர்ஷிப் கடிதத்தோடு 'எக்ஸ்ப்ளோரேட்டரி' என்று வேறு பிரிவில் இடம் கொடுத்து, ஓராண்டு கழித்துத் துறைக்குப் போட்டியிடச் சொல்லும் இடங்கள் உண்டு. அந்தத் தள்ளுபடி என் கணக்கில் தள்ளுபடியே அல்ல.

'ஓராண்டு அங்கேயே இருந்தால் உள்மாநிலத்தவன் ஆகிவிடலாம்' என்று நண்பர்கள் சொல்வார்கள். பெரும்பாலான மாநிலங்களில் அது நடக்காது. படிக்க வந்திருக்கும் காலத்தை வசிப்பாகக் கணக்கிட மாட்டார்கள், பெற்றோரின் முகவரியைத்தான் பார்ப்பார்கள். மிசூரி அறியப்பட்ட விதிவிலக்கு. பன்னிரண்டு மாதம் அங்கேயே தங்கி, குறைந்தபட்சம் 2,000 டாலர் சம்பாதித்துக் காட்டினால் மாற்றிக்கொள்ள வழி உண்டு. ஆனால் எச்-4 பிள்ளை வேலை செய்ய முடியாதே. அதனால் உங்களுக்கு அந்த வழியும் இல்லை.

எச்-4 விஷயத்தில் உறுதியானது இதுதான்: ஃபெடரல் உதவி கிடையாது. பல்கலைக்கழகம் தன் பணத்திலிருந்து தரும் மெரிட்டுக்கு ஃபெடரல் சட்டம் தடையில்லை, அந்தந்தக் கல்லூரியின் விதிதான் முடிவு செய்யும். சில கல்லூரிகள் எச்-4 பிள்ளையை வெளிமாநில உள்நாட்டு மாணவராக எடுக்கும், சில சர்வதேச மாணவர் அட்டவணைக்குத் தள்ளும். இரண்டு அட்டவணைகளின் தொகைகளும் வேறு. அமெரிக்கப் பள்ளியில் படித்தவன் என்பதைச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள். மெரிட்டுக்கும் ஃபாஃப்சா (ஃபெடரல் உதவிக்கான விண்ணப்பப் படிவம்) நிரப்பச் சொல்லும் கல்லூரியாக இருந்தால், அதற்குப் பதில் என்ன படிவம் என்று கேட்டு வாங்குங்கள். 21 வயதில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் ஸ்காலர்ஷிப் தொடருமா என்பதையும் அப்போதே எழுத்தில் வாங்குங்கள். வயது வரம்புக் கணக்கையும் விசா மாற்றத்தையும் குடியேற்ற வழக்கறிஞரிடம் விடுங்கள், இது மன்றத்தில் தீர்க்கும் விஷயமல்ல.

வரியில் ஒரு சிறு விஷயம். டியூஷன், கட்டாயக் கட்டணம், பாடப்புத்தகம் ஆகியவற்றுக்குப் போகும் ஸ்காலர்ஷிப்புக்கு வரி இல்லை. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போகும் பங்கு மாணவரின் வருமானம், வரிக்கு உட்பட்டது. 529 கணக்கில் (கல்லூரிச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) பணம் சேர்த்திருந்தால், வரி விலக்குப் பெற்ற ஸ்காலர்ஷிப் தொகை அளவுக்கு வெளியே எடுக்கும்போது 10 சதவீத அபராதம் கிடையாது. அதில் கிடைத்த லாபத்துக்கு வருமான வரி மட்டும் உண்டு.

பட்டியல்தானே கேட்டீர்கள்: உறுதிக்கு அலபாமாவும் ஹண்ட்ஸ்வில்லும், நல்ல வாய்ப்புக்கு டெக்சாஸ்-டல்லாஸும் தென் கரோலினாவும், ஆசைக்கு பர்டூ, மேரிலாந்து, ஜார்ஜியா டெக், அடித்தளமாக ரட்கர்ஸ். எட்டு விண்ணப்பம் போதும்.

மகனுக்குத் தாமதமாகிவிட்ட ஒன்று மகளுக்கு இன்னும் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பு அக்டோபரில் எழுதும் பிஎஸ்ஏடியை (எஸ்ஏடிக்கு முன்னோட்டமான தேர்வு) வைத்துத்தான் நேஷனல் மெரிட் என்ற தேசிய ஸ்காலர்ஷிப் போட்டி தீர்மானமாகிறது. அலபாமா, டெக்சாஸ்-டல்லாஸ் போன்ற இடங்கள் நேஷனல் மெரிட் ஃபைனலிஸ்டுக்கு டியூஷனோடு தங்குமிடச் செலவுக்கும் தருகின்றன. இதற்கான செலக்‌ஷன் இண்டெக்ஸில் ஆங்கிலப் பகுதிக்கு இரட்டை எடை: ஆங்கில மதிப்பெண்ணை இரண்டால் பெருக்கி, கணித மதிப்பெண்ணைக் கூட்டி, பத்தால் வகுக்க வேண்டும். மொத்தம் 1460 என்றாலும் ஆங்கிலம் 700, கணிதம் 760 வாங்கினால் 216. ஆங்கிலம் 760, கணிதம் 700 என்றால் 222. நம் வீடுகளில் கணிதத்துக்கு டியூஷன் வைத்துவிட்டு ஆங்கிலத்தைத் தானாக வரும் என்று விட்டுவிடும் வழக்கத்துக்கு இந்த ஆறு புள்ளிதான் விலை. நியூ ஜெர்சியின் கட்-ஆஃப் நாட்டிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. சமீப ஆண்டுகளில் 222-க்குக் கீழே இறங்கவில்லை, 225 வரை போயிருக்கிறது. பத்தாம் வகுப்பில் ஒத்திகையாக ஒருமுறை எழுதச் சொல்லுங்கள், அந்த மதிப்பெண் எங்கும் போகாது.